பிள்ளை பிறந்தாயிற்று... தாயை யார் பார்ப்பது?

பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாட்கள்: வீட்டில் நடப்பதும் நடக்க வேண்டியதும்

மாலை நான்கு மணி. பார்வையாளர் நேரம் தொடங்குகிறது. எந்த ஊர் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டை எடுத்துக்கொண்டாலும் காட்சி ஒன்றுதான். ஆப்பிள் பையும் பிரெட் பாக்கெட்டும் ஃபிளாஸ்க்குமாக உள்ளே வரும் கூட்டம் நேரே பிள்ளையிடம் போகிறது. “மூக்கு அப்படியே அப்பன் மூக்கு.” “நிறம் பத்து நாள் போனாத்தான் தெரியும்.” “எத்தனை கிலோ இருக்கு?” பிள்ளை கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருக்கிறது. பெற்றவளிடம் வந்து சேரும் கேள்வி ஒன்றே ஒன்று: “பால் வருதா?” அதுவும் பிள்ளைக்காகக் கேட்பதுதான்.

ரத்தப்போக்கு எப்படி இருக்கிறது, சிறுநீர் கழித்தாளா, தலை வலிக்கிறதா, கொஞ்சமாவது தூங்கினாளா என்று யாரும் கேட்பதில்லை. அக்கறை இல்லாமல் இல்லை. பிள்ளை நல்லபடியாக வந்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று என்ற நிம்மதி. மருத்துவக் கணக்கு வேறு. பிள்ளை பெற்று 42 நாட்களுக்குள் கர்ப்பம் அல்லது பிரசவம் தொடர்பான காரணத்தால் ஒரு பெண் இறந்தால், உலக சுகாதார நிறுவனம் அதையும் தாய் மரணமாகவே எழுதுகிறது. அந்த ஆறு வாரத்தில் ஆபத்து அதிகம் உள்ளது முதல் நாளில். அடுத்தது முதல் வாரம்.

அந்த முதல் வாரத்தின் நடுவில்தான் பெரும்பாலான பெண்கள் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வருகிறார்கள்.

பாதி வென்ற மாநிலம்

பிரசவ அறைக்குள் நடப்பதில் தமிழ்நாடு சாதித்திருப்பது சாதாரணமானதல்ல. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018-20 காலகட்டத்தில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது, தமிழ்நாட்டின் எண் 54. ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிவு செய்து, எங்கே தாமதம் ஆனது, யார் எப்போது கவனித்திருக்க வேண்டும் என்று விசாரிக்கும் தணிக்கை முறையை இந்த மாநிலம் 1990-களிலேயே கொண்டுவந்துவிட்டது. பிறகு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர்களை ஷிப்டு முறையில் அமர்த்தி, இரவு இரண்டு மணிக்கு வலி எடுத்தாலும் பிரசவம் பார்க்க ஆள் இருக்கும்படி செய்தார்கள். வலியில் இருப்பவளுக்குத் துணையாக அம்மாவோ அக்காவோ பிரசவ அறைக்குள் இருக்கலாம் என்று அரசு மருத்துவமனைகள் அனுமதித்ததும் இங்கேதான் முதலில்.

இவ்வளவும் மருத்துவமனை வாசல்வரை. அதற்குப் பிறகு தாயின் உடம்பு அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுப் பாட்டி ஆகியோரின் பொறுப்புக்குப் போய்விடுகிறது. அவர்கள் சொல்வதில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை.

2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு சிறு கால அட்டவணையைத் தருகிறது. சுகப்பிரசவமானாலும் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். பிறகு மூன்று முறை தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும்: 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒன்று, 7 முதல் 14 நாளுக்குள் ஒன்று, ஆறாவது வாரத்தில் ஒன்று. நம் ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருவதும் இதற்காகத்தான். அவர் வரும்போது பிள்ளையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு அனுப்பும் வழக்கம் மாற வேண்டும்.

முதல் நாள்: ரத்தக் கணக்கு

பிள்ளை வெளியே வந்தவுடன் கர்ப்பப்பை சுமார் ஒரு கிலோ எடை இருக்கும். ஆறு வாரத்தில் அது நூறு கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். நச்சுக்கொடி பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்களை அழுத்தி மூடுவது இந்தச் சுருக்கம்தான். கர்ப்பப்பை சுருங்க மறுத்துத் தளர்ந்து கிடந்தால் ரத்தம் நிற்காது. 24 மணி நேரத்தில் அரை லிட்டரோ அதற்கு மேலோ போனால் அது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு.

அரை லிட்டர் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? அனுபவமுள்ள நர்ஸம்மாக்களே பலமுறை குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். துணியிலும் மெத்தையிலும் ஊறிப்போன ரத்தத்தை யாரால் அளக்க முடியும்? கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ‘இ-மோட்டிவ்’ ஆய்வு இதற்கு எளிய வழியைக் காட்டியது. பிரசவமானவுடன் தாயின் கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போடுகிறார்கள். அதன் முனையில் அளவுக்கோடு போட்ட பை இருக்கிறது. ரத்தம் பையில் சேர்ந்து கோட்டைத் தொட்டதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்ஸிடோசின், டிரனெக்ஸாமிக் அமிலம், சலைன், பரிசோதனை என எல்லாச் சிகிச்சையையும் வரிசையாகக் காத்திராமல் ஒரே மூச்சில் தொடங்குகிறார்கள். கடும் ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவைச் சிகிச்சையும் மரணமும் சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. 2023இல் வெளியான முடிவு இது.

வீட்டாருக்கு இதில் என்ன வேலை? தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு சிறிய இழப்பையும் தாங்காது. ஆகவே, உடன் இருப்பவர் நாப்கின் எத்தனை மாற்றினோம் என்று கணக்கு வைக்க வேண்டும். ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சை அளவில் கட்டி விழுந்தாலோ, எழுந்து உட்கார்ந்ததும் கண் இருட்டினாலோ உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். “பிள்ளை பெத்தா அப்படித்தான் போகும்” என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீரை அடக்கிவைக்கவும் விடக் கூடாது. நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாது. பிள்ளை மார்பில் வாய் வைக்கும்போது அடிவயிறு சுருக்கென்று வலித்தால் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பப்பை சுருங்குகிறது என்று பொருள்.

சாதாரணமாக, முதல் மூன்று நான்கு நாள் போக்கு சிவப்பாக இருக்கும். பிறகு வெளிறிப் பழுப்பாகி, நாலைந்து வாரத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையாகி நின்றுவிடும். நாற்றம் அடித்தாலும், குறைந்த போக்கு திரும்பச் சிவப்பாக அதிகரித்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம்: தலைவலியும் காய்ச்சலும்

கர்ப்ப காலத்தில் பி.பி. ஏறாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பிறகு ஏறலாம். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது உச்சத்துக்குப் போவதுண்டு. அதற்குள் பலர் வீட்டுக்கு வந்துவிட்டிருப்பார்கள். விடாத தலைவலி, கண் முன்னே மினுமினுப்பு, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது ஆகியவை அடுத்து வலிப்பு வரப்போகிறது என்பதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். “தூக்கமில்லை, அதான் தலைவலி” என்று தைலம் தேய்த்துப் படுக்கவைப்பதற்கு முன்னால் ஒருமுறை பி.பி. பார்த்துவிட வேண்டும். 140/90-க்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசி அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. அந்த ஊசிவரை ஆள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, கிருமித் தொற்றால் வரும் காய்ச்சல். 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை செய்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்த்த மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். அந்த ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த தாய் மரணம் ஜூனில் இரண்டு சதவீதத்துக்கு இறங்கியது. நுண்ணுயிரால் நோய் வருகிறது என்பதை நிறுவுவதற்கு முன்பே நடந்த கதை இது. இன்றும் பிள்ளையைப் பார்க்க வரும் உறவினர் பேருந்தில் கம்பியைப் பிடித்த கையோடு தொட்டிலுக்குப் போகிறார். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைப்பதற்கு எந்த மாமியாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அதையும் ‘நீர்’ என்று விட்டுவிடக் கூடாது. ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம்; அது நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும். “பச்சை உடம்பு, எழுந்திரிக்காதே” என்று நாள் முழுக்கப் படுக்கவைப்பது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது. சிசேரியன் ஆனவர்களும் மறுநாளே பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பிப்பது இதற்காகத்தான்.

பத்தியம்: எதை வைப்பது, எதை விடுவது?

தமிழ் வீடுகளின் பத்தியச் சமையல் ஒரு தனிச் சாஸ்திரம். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கிப் போட்ட குழம்பு, சுண்டவத்தல், கத்தரிப் பிஞ்சு, முருங்கைக்கீரைப் பொரியல், கடற்கரை ஊர்களில் மஞ்சளும் மிளகும் சேர்த்து உதிர்த்த பால் சுறாப் புட்டு. சுறாவும் கீரையும் புரதமும் இரும்பும் தருகின்றன. பூண்டு பால் சுரப்பைக் கூட்டுமா என்பது பற்றி விவாதம் இருந்தாலும், அதோடு உள்ளே போகும் நெய்ச் சோறு கட்டாயம் உதவுகிறது. பாலூட்டும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம். அதாவது ஒரு முழுவேளைச் சாப்பாடு.

சிக்கல் தொடங்குவது விலக்குப் பட்டியலில். பழம் குளிர்ச்சி, கீரை மாந்தம், பருப்பு வாயு, தயிர் சளி, முட்டை சீழ் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் தட்டில் மிஞ்சுவது ரசமும் சோறும் நாலு துண்டு இட்லியும்தான். ரத்தம் இழந்து, பாலும் கொடுக்கும் ஒருத்திக்கு இது எப்படிப் போதும்? தாய் சாப்பிடும் கொய்யாவால் பிள்ளைக்குச் சளி பிடிப்பதில்லை. முட்டையால் தையல் சீழ் பிடிப்பதில்லை. புண் ஆறத் தேவையான புரதம் அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட மோசம் தண்ணீர்த் தடை. “தண்ணி குடிக்காதடி, வயிறு போட்டுரும்” என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீரோடு நிறுத்தும் வீடுகள் இன்னும் உண்டு. வயிறு தளர்ந்திருப்பது தண்ணீரால் அல்ல, பத்து மாதம் விரிந்த தசையால். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தையல் இருக்கும் இடத்தில் வேதனை, தலைச்சுற்றல். பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்க வேண்டும்.

லேகியம்? சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் கருப்பட்டியோடு கிளறிய வீட்டு லேகியம் நெல்லிக்காய் அளவு சாப்பிடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. 2015இல் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கத் தொடங்கிய 16 பொருள் அடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் பிள்ளைக்கு எண்ணெய், கொசுவலை, கிலுகிலுப்பை ஆகியவற்றோடு தாய்க்காக சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மட்டும் கருப்பட்டிக் கணக்கைப் பார்க்க வேண்டும். என்ன சேர்த்தார்கள் என்று தெரியாத சூரணம், செந்தூரம் எதையும் சாப்பிட வேண்டாம்.

லேகியத்தை மறக்காத வீடுகள் மறப்பது சத்து மாத்திரையைத்தான். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்பு மாத்திரை, அதே 180 நாள் கால்சியம் மாத்திரை என்பது அரசுத் திட்டத்தின் கணக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது. காபி, டீயோடு சாப்பிட்டாலும் அப்படியே. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம்.

சேனை வேண்டாம், சீம்பால் போதும்

பிறந்த பிள்ளையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது சேனை. அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா பிள்ளையின் நரம்புகளை முடக்கிவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவையில்லை. வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்து, மூக்கிலும் காதிலும் விடும் எண்ணெய், குளிக்கவைத்ததும் போடும் சாம்பிராணிப் புகை ஆகிய மூன்றையும் குழந்தை மருத்துவர்கள் ஒருமனதாக வேண்டாம் என்கிறார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வருவதுண்டு. தொப்புள் கொடியில் சாம்பல், மஞ்சள், பவுடர் எதுவும் பூசாமல் காய விட்டாலே தானாக விழுந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் வரும் கெட்டியான மஞ்சள் பால்தான் சீம்பால். அளவு சில கரண்டிதான். பிள்ளையின் வயிறும் அப்போது கோலிக்குண்டு அளவுதான். “பாலே இல்லை” என்று பவுடர் பால் வாங்க ஓடுவது இந்த மூன்று நாளில்தான். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டி கொடுத்தால் சப்புவது குறையும், ஊறுவதும் குறையும்.

வாய் வைக்கும் விதம் முக்கியம். காம்பை மட்டும் வாயில் திணித்தால் காம்பு வெடிக்கும், பிள்ளைக்கும் பால் வராது. பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றை ஒட்டியிருக்கும்படி திருப்பி, மேலுதட்டில் காம்பால் தடவினால் வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை மார்போடு சேர்க்க வேண்டும், மார்பைப் பிள்ளையிடம் குனிந்து கொண்டுபோகக் கூடாது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் போயிருக்க வேண்டும். கீழுதடு வெளியே மடங்கியிருக்கும், தாடை மார்பைத் தொடும், விழுங்கும் சத்தம் கேட்கும். வலித்தால் சுண்டுவிரலைப் பிள்ளையின் வாயோரம் விட்டு விடுவித்து, மறுபடி வைக்கலாம். முதல் வாரம் கழிந்ததும் நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது. பிறந்ததும் கொஞ்சம் எடை குறைந்து இரண்டு வாரத்தில் திரும்புவதும் இயல்புதான்.

மார்பு ஒரு பக்கம் சிவந்து, கல் மாதிரி கட்டி, காய்ச்சலும் அடித்தால் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. அந்தப் பக்கமே கொடுத்து, மிஞ்சியதைக் கையால் பீய்ச்சி எடுத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு

அதே ஐந்தாவது குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம். இந்திய சராசரி 21.5. இத்தனை சிசேரியனும் தேவைதானா என்பது தனி விவாதம். ஏறக்குறைய இரண்டில் ஒரு பெண் வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வருகிறாள் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையான செய்தி.

தையல் ஈரம் தங்காமல், காற்றோட்டமாக இருக்க வேண்டும். குளித்ததும் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும், மஞ்சளும் பவுடரும் வேண்டாம். சிவந்து சூடாகிக் கசிந்தால் காட்ட வேண்டும். பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் ஆறு வாரத்துக்குத் தூக்கக் கூடாது. குடம், சிலிண்டர், மூத்த பிள்ளை எல்லாம் இதில் சேரும். வயிறு உள்ளே போவதற்காகப் பழைய புடவையை இறுக்கிச் சுற்றுவதும் தையலுக்கு நல்லதல்ல. இருமும்போது தலையணையால் வயிற்றை அணைத்துக்கொள்ளலாம். ஒருக்களித்துப் படுத்தபடியோ, பிள்ளையைக் கக்கத்துக்கடியில் வைத்தோ பால் கொடுத்தால் தையலில் படாது.

“முதுகுல ஊசி போட்டாங்க, அதுலேருந்து இடுப்பு வலி போகவே இல்லை” என்று பத்து வருஷம் கழித்தும் சொல்பவர்கள் உண்டு. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும் கடுமையாகும் தலைவலி சிலருக்கு வரும். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் நீண்டகால இடுப்பு வலிக்கு அந்த ஊசியைக் குற்றம் சொல்ல ஆய்வுகளில் ஆதாரமில்லை. தளர்ந்த வயிற்றுத் தசை, குனிந்தபடி பால் கொடுப்பது, பிள்ளையை ஒரே இடுப்பில் சுமப்பது இவைதான் பெரும்பாலும் காரணம்.

அழுகைக்கும் ஒரு கணக்கு உண்டு

மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். தாய்மார்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது நேர்கிறது, இரண்டு வாரத்தில் அடங்கிவிடுகிறது. அடங்காமல் தொடர்ந்தால்தான் கவலை: பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வராமை, எதிலும் பிடிப்பின்மை, பிள்ளையைத் தொடப் பிடிக்காமை, ‘நான் நல்ல தாயில்லை’ என்ற எண்ணம்.

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 359 பெண்களை நிறைமாதத்திலும், பிரசவமான 6 முதல் 12 வாரத்திலும் சந்தித்துப் பேசினார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். என்ன காரணங்கள் முன்னுக்கு வந்தன? வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கை உதவிக்கு ஆள் இல்லாமை. மாத்திரை சீட்டில் எழுத முடியாத காரணங்கள் இவை. மாற்றக்கூடியவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இந்த மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ கேள்விப்பட்டியல் பத்தே கேள்வி கொண்டது. உலகெங்கும் செவிலியர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆயிரத்தில் ஓரிருவருக்கு நிலைமை இன்னும் கடுமையாகி, காதில் குரல் கேட்பது, சந்தேகம், தூக்கமே இல்லாத பரபரப்பு என்று வரும். இது ‘காத்து கருப்பு’ அல்ல. கோயிலுக்கோ பூசாரியிடமோ கொண்டுபோய்க் காலம் கடத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இப்படிப்பட்ட தாயைப் பிள்ளையோடு சேர்த்தே வைத்துச் சிகிச்சை தரும் தனிப் பிரிவு இருக்கிறது. மனக்கஷ்டத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

- ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, பெரிய கட்டிகள்
- வலிப்பு, மயக்கம், விடாத தலைவலியோடு பார்வை மங்கல்
- மூச்சுத் திணறல், நெஞ்சு வலி
- குளிரோடு கடும் காய்ச்சல், துர்நாற்றமான போக்கு
- தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்ற பேச்சு
- பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, உடல் சில்லிட்டுப் போவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள்

அப்பாக்களுக்கு என்ன வேலை?

2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு. ஏழைப் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். தந்தைக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியாரில் வேலை என்றால் சட்டப்படி ஒன்றும் கிடையாது. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கம் இருப்பதால் பல அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகவே பிள்ளையைப் பார்க்கிறார்கள்.

மருத்துவர்கள் அப்பாக்களுக்குச் சொல்லும் வேலைகள் பெரியவை அல்ல. இரவில் பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, துணி மாற்றிப் படுக்கவைத்தால் தாய்க்குத் தொடர்ந்து மூன்று மணி நேரத் தூக்கம் கிடைக்கும். சட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை வெற்று நெஞ்சில் அணைத்து வைத்துக்கொள்ளலாம். எடை குறைந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைக்க இன்று மருத்துவமனைகளே சொல்லித்தரும் முறை அது. ‘பெண் பிள்ளையா’ என்று உதட்டைப் பிதுக்கும் உறவினருக்கு அவர் முன்னாலேயே பதில் சொல்வதும் அப்பாவின் வேலைதான்.

45-ஆம் நாள் ஊசி

பிள்ளைக்கு ஆறு வாரம் ஆனதும் போடும் தடுப்பூசியை ‘நாற்பத்தஞ்சு நாள் ஊசி’ என்பார்கள். எந்த வீடும் அதைத் தவறவிடாது. புதன்கிழமை காலை ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் அதுதான் ஆறாவது வாரம். மருத்துவர் அவளையும் பார்த்தாக வேண்டிய நாள். ஊசி போட்டதும் காய்ச்சல் மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல், தன்னுடைய பி.பி.யும் ரத்த அளவும் பார்க்கச் சொல்லலாம். தையலைக் காட்டலாம். இருமினால் சிறுநீர் கசிகிறது என்பதை வெட்கப்படாமல் சொல்லலாம். இடுப்படித் தசைக்கான பயிற்சி சொல்லித்தருவார்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசவும் இதுவே நேரம். மாதவிலக்கு திரும்பாததால் கருத்தரிக்காது என்பது பாதி உண்மைதான். ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டுமே இரவும் பகலும் கொடுத்து, விலக்கும் வராமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் இல்லை. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு வருட இடைவெளி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, ‘சாயா’ மாத்திரை மூன்றும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மூன்றுமே பாலைக் குறைப்பதில்லை.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்தவர்களுக்கு இன்னொரு வேலை பாக்கி. சென்னையின் நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா வலியுறுத்திய முறையில், சாப்பிட்டோ சாப்பிடாமலோ 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடக்கிறது. பிரசவமானதும் சர்க்கரை இறங்கிவிடும், இன்சுலின் ஊசியும் நின்றுவிடும், கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ஆறாவது வாரத்தில் ஒருமுறையும் பிறகு இடைவெளி விட்டும் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். பிரசவத்துக்குப் பின் செய்யும் சோதனை வெறும் வயிற்றில். முந்தின இரவு சாப்பிட்டதோடு நிறுத்தி, பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு தன்னுடைய கர்ப்பகால அட்டையையும் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விட்டால், இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குள் பிள்ளைக்கு ஊசியும் முடிந்துவிடும். காத்திருக்கும்போது பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கூடவே ஒருவர் போக வேண்டும். சோதனை முடிந்ததும் அவள் சாப்பிட இட்லிப் பொட்டலத்தையும் அவரே எடுத்துப் போகலாம்.